கழுத்து வரைக்கும்

நான் சொல்வதில் எங்கேயாவது தப்பு வந்தால் நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும், டீச்சர். எட்டாவதோடு நின்றவள் நான். கார் விஷயத்தை என் வாயால் சொன்னால் முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் போய்விடும். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் "அப்படியில்ல, இப்படி" என்று எடுத்துக்கொடுப்பார். அவர்தான் இல்லையே. அவர் காரில் போகிறார், நான் பஸ்ஸில் போகிறேன். சொந்தக் கார் இருக்கும்போது பஸ் எதற்கு என்றுதானே கேட்டீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த டிரைவர் புதுசா? வளைவில் இப்படி ஒடித்துத் திருப்புகிறாரே. சரி, போகட்டும்.

எனக்கு ஒரே மகள், சுகன்யா. அவளை இந்த வால்பாறையில்தான் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. நாங்கள் கீழே பொள்ளாச்சியில் இருக்கிறோம். அவளுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு போட்டு, கலவைச் சாதம் கட்டி, கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போவதுதானே முறை? வளைகாப்பு போட்டாயிற்று. சாதமும் கட்டினேன், என் கையால் ஏழு வகை. ஆனால் பெண்ணைக் கூட்டிப்போக முடியவில்லை. வளையல் போட்ட பெண் மாமியார் வீட்டு வாசலிலேயே நின்று கையாட்டியது. எங்கள் கார் மட்டும் மலை இறங்கியது. ஒறம்பரை சனம், சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

எல்லாம் ஒரு நாற்றத்தால். பெட்ரோல் நாற்றம்.

முதலில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால், பின்சீட்டில் யாரோ பெட்ரோல் தொட்ட துணியை வைத்த மாதிரி இருக்கும். நான் சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். "உன் மூக்கை வித்தா இன்னொரு கார் வாங்கலாம்" என்பார். அவர் பேச்சே அப்படித்தான். அப்புறம் வண்டியில் மஞ்சள் விளக்கு ஒன்று வந்தது. இஞ்சின் மாதிரி படம் போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகும் அவர், "எரியட்டும் விடு, ராத்திரில வெளிச்சமா இருக்கும்" என்றார். விளக்கைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பிறகு அவருக்கே தெரிய ஆரம்பித்தது. பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி உடனே கிளம்பாது. இருமும். இருமி, குலுங்கி, அப்புறம்தான் பிடிக்கும். "பெட்ரோல் போட்டா மட்டும்தான் இப்படிப் பண்ணுது பாரு" என்றார் ஒருமுறை. அப்படியானால் பங்க்காரன் கலப்படம் செய்கிறான் என்றுதானே அர்த்தம்? நான் அதைத்தான் சொன்னேன். வேறு பங்க்குக்கு மாற்றினோம். அங்கேயும் அதேதான். ஊரில் எல்லாருமே திருடர்களாகிவிட்டார்கள், டீச்சர்.

பெட்ரோல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அதற்குக் காரணம் இருக்கிறது. சுகன்யாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க முதல் முறையாக இந்த மலை ஏறினோம் பாருங்கள், அன்றைக்கு நான் கீழேயே கேட்டேன், "பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று. "தாராளமா இருக்குது" என்றார். அட்டகட்டிக்கு மேலே வண்டி நின்றுவிட்டது. ஒரே பனி. யானை வரும் என்று போர்டு வேறு வைத்திருக்கிறான். நான் பட்டுப்புடவையோடு ரோட்டோரத்தில் நிற்கிறேன், அங்கே சம்மந்தி வீட்டில் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடிந்து, ராகுகாலத்தில் போய் இறங்கினோம். சம்மந்தியம்மா சிரித்துக்கொண்டே கேட்டார், "பெட்ரோல் போட மறந்துட்டீங்களாமா?" இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அன்றோடு முடிவு செய்தேன். இனிமேல் பங்க்கில் அவரை நம்பக் கூடாது, நானே இறங்கி நிற்க வேண்டும் என்று. அவரை விட்டால் அந்தக் குழாய் டக்கென்று நின்றதும் "போதும்" என்றுவிடுவார். குழாய் நின்றால் டேங்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தமா? மேலே எவ்வளவு இடம் இருக்கிறது! அங்கே ஒரு பெண் பெட்ரோல் போடும், நல்ல பெண்தான். "அக்கா, கட் ஆயிடுச்சு, இதுக்கு மேல வேண்டாங்க்கா" என்னும். நான் விட மாட்டேன். "இன்னும் போகும் கண்ணு, கழுத்து வரைக்கும் ஊத்து" என்பேன். உள்ளே காற்று நிற்கும் அல்லவா, அதனால் டிக்கியில் கை வைத்து வண்டியை ஆட்டிக் கொடுப்பேன். ஆட்டினால் குபுகுபுவென்று காற்று போகும், இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்தப் பெண் பக்கத்தில் நிற்கிறவளிடம், "அக்கா வந்துட்டாங்கடி, காரைத் தாலாட்ட" என்று சிரிக்கும். சிரிக்கட்டும். மலையில் நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

வளைகாப்பு அன்றைக்கும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டு ஏறினோம். ஆழியாறு தாண்டும்போதே நாற்றம் குப்பென்று வந்தது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, தாம்பாளத்தில் இருக்கிற பூவெல்லாம் பறக்க, நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். விசேஷம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணைக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தினதுதான் தாமதம், அவள் முகம் வெளிறிவிட்டது. இறங்கி, வாசல் கோலத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள். சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

சம்மந்தியம்மா காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஏனுங்க, இது காரா, மண்ணெண்ணெய் பேரலா? வயித்துப் புள்ளத்தாச்சிய இதுல ஏத்தி, நாப்பது வளைவு எறக்கிக் கூட்டிட்டுப் போவீங்களா? நான் அனுப்ப மாட்டேனுங்க."

"வேற வண்டி புடிச்சுக்கறோமுங்க" என்றேன்.

"அவசரத்துக்குப் புடிக்கற வண்டியில எம் மருமகள அனுப்பணுமா? உங்க வண்டிய மொதல்ல சரி பண்ணுங்க. ஒம்பது மாசம் பொறந்துட்டா அப்பறம் நான் மலை எறக்க உட மாட்டேன். இங்கயே பிரசவம் பாத்துக்கறோம். நாங்க பாக்க மாட்டமா?"

எப்படிச் சொன்னார் பாருங்கள். நாங்கள் பார்க்க மாட்டோமா என்று. என் மகளுக்கு முதல் பிரசவம், நான் உயிரோடு இருக்கிறேன், அவர் பார்ப்பாராம். அவளுக்கென்று மாடி அறைக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன். பத்திய சாமான் எல்லாம் வாங்கிவிட்டேன். தொட்டில் கட்டக் கொக்கி போட்டாயிற்று. ஒன்பதாம் மாசம் பிறப்பதற்குள் கார் சரியாக வேண்டும். இல்லையென்றால் நான் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உடுமலை ரோட்டில் சிக்கந்தர் பாய் என்று ஒரு மெக்கானிக். கெட்டிக்காரர், ஆனால் வாய் ஜாஸ்தி. எந்த வண்டியைத் தொட்டாலும் "இதெல்லாம் எனக்கு ஜுஜூபிக்கா" என்பார். வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார். "டேங்க்குக்குப் போற ஹோஸ் வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். மாற்றினார். நாற்றம் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? பெண்ணை ஏற்றப்போகிற வண்டி. அதனால் அங்கிருந்து நேராகப் பங்க்குக்குப் போய், மலை ஏறுகிற மாதிரியே நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். வீடு வந்து சேரவில்லை, மறுபடியும் நாற்றம்.

திரும்பப் போனோம். "அப்படின்னா மூடிதான்க்கா. டேங்க் மூடி லூசு. ஆவி வெளிய வருது" என்றார். புது மூடி போட்டார். இரண்டு நாள் ஷெட்டிலேயே வைத்து ஓட்டினார், ஒன்றும் இல்லை. நான் எடுத்துவந்து நிரப்பிப் பார்த்தேன். நாற்றம். மஞ்சள் விளக்கும் திரும்பி வந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை, டீச்சர். என்னால் ஆனதைச் செய்தேன். மூடி சரியில்லை என்கிறாரே, அந்த வழியாக ஆவி வராமல் அடைத்துவிட்டால்? ஜவுளிக்கடைக் கவர், நல்ல கெட்டியான கவர், அதை மடித்து டேங்க் வாயில் வைத்து, மேலே மூடியைப் போட்டு இறுக்கித் திருகினேன். ஊறுகாய் ஜாடிக்குப் போடுகிற மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். "நீங்க ஒண்ணும் செய்யலையே, நானாவது செய்யறேன்" என்றேன். பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை போனபோது சிக்கந்தர் பாய் கும்பிட்டார். "அக்கா, உங்க வண்டி என் ஷெட்டுல இருக்கறவரைக்கும் யோக்கியமா இருக்குது. உங்க வீட்டுக்குப் போனாத்தான் கெட்டுப்போகுது. உங்க வீட்டுல அப்படி என்னதான் பண்றீங்க?"

"வீட்டுல என்ன பண்ணுவோம் பாய்? சோறு ஆக்கறோம், திங்கறோம். உங்களால முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருந்து ஒரு மிஷின் வரவழைத்தார். புகை போடுகிற மிஷின். கொசுவுக்கு முனிசிபாலிட்டியில் அடிப்பார்களே, அந்த மாதிரிதான், ஆனால் சின்னது. அதன் குழாயை வண்டியில் ஆவி போகிற பைப்பில் மாட்டி, மெதுவாகப் புகையை உள்ளே விட வேண்டும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும். நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

பார்த்தால், மூடியைச் சுற்றித்தான் புகை வந்தது. புது மூடி! பாய் திறந்தார். உள்ளே இருந்து என் ஜவுளிக்கடைக் கவர். பெட்ரோலில் ஊறி, கிழிந்து, பிசுபிசுவென்று வந்தது. கடையின் பேரைக்கூடப் படிக்க முடிந்தது.

"யா அல்லா" என்றார். "இதை யாரு வச்சது?"

"நான்தான். அதனாலதான் இந்த அளவுக்காவது தாங்குச்சு" என்றேன்.

அவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் எதிரில் இருக்கிற பஞ்சர் கடையைப் பார்த்தார்.

அப்புறம் பாய் வண்டிக்கு அடியில் போய் ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். இந்த இடத்தில்தான் நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். அந்த டப்பாவுக்குள் கரி இருக்குமாம். டேங்க்கில் இருந்து கிளம்புகிற பெட்ரோல் ஆவி வெளியே போகாமல், அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வண்டி ஓடும்போது இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடுமாம். ஆவிக்குத்தான் அந்த டப்பா. பெட்ரோல் அப்படியே உள்ளே போகக் கூடாது. பாய் அதைச் சாய்த்தார். தகரத் தட்டில் பெட்ரோல் கொட்டியது, டீச்சர். பாதிச் சொம்பு இருக்கும். என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்த நாய்க்குட்டி மாதிரி கனத்தது.

"இது கரியாக்கா? ரசகுல்லா. ஊறிப்போய்க் கெடக்குது" என்றார். "டேங்க்குல மேல கொஞ்சம் காலியா இருக்கணும்க்கா. ஆவி நிக்க எடம் வேணும். குழாய் டக்குன்னு நின்னா அதோட நிறுத்தணும். அதுக்கு மேல அமுக்கி அமுக்கி ரொப்புனா பெட்ரோல் எங்க போகும்? நேரா இதுக்குள்ளதான் வரும். வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. யாரோ இதுக்கு அளவு தெரியாம ஊட்டறாங்க." பிறகு நேராக எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நாச்சிமுத்தண்ணா, பங்க்குல யாரு நின்னு பெட்ரோல் போடறது?"

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள், தப்பு இல்லாதவர் ஏன் தலையைக் குனிய வேண்டும்? வண்டியை ஓட்டுகிறவர் அவர். பெட்ரோல் எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு வந்த கோபத்தை, பாய் முன்னால் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். "இத்தனை வருஷமா வண்டி ஓட்டறீங்களே, இது தெரியாதா உங்களுக்கு? உங்களால எம் மக மாமியா வீட்டு வாசல்ல வாந்தி எடுத்தா." சிரித்தார். சிரிக்கிறார், டீச்சர்!

புது டப்பா போட்டோம். விளக்கு அணைந்தது. பாய் கையெடுத்துக் கும்பிட்டு, "இனி நிரப்பிப் பாக்கறேன்னு மட்டும் போயிராதீங்க்கா" என்று என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னாரோ. எங்கள் வீட்டுக்காரரிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயந்திரமே சுகன்யா போன் செய்தாள். அவள் அப்பாவிடம்தான் முதலில் வெகுநேரம் பேசினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் என்னிடம் கொடுத்தார்.

"அம்மா, நான் வர்றேன். ஆனா ஒண்ணு. கார்ல அப்பா மட்டும் வரட்டும். நீங்க பஸ்ல வாங்க, பஸ்ல போங்க."

"ஏஞ்சாமி அப்படிச் சொல்ற?"

"சொன்னா கேளுங்கம்மா. பங்க்குப் பக்கம் நீங்க எறங்கக்கூடாது. எனக்காக."

பாருங்கள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள். பெட்ரோல் நாற்றம் எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். யாருக்கு வரும் இந்தக் குணம்? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி என்றேன்.

நேற்று அவர் காரில் வந்தார், நான் பின்னாலேயே பஸ்ஸில் வந்தேன். வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் காருக்குள் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பகீர் என்றது. முள் பாதியில் நிற்கிறது! அரை டேங்க். கேட்டால், "மலை எறங்க இது போதும்டி, மிச்சமே ஆகும்" என்கிறார். அன்றைக்கும் இப்படித்தானே சொன்னார், தாராளமாக இருக்கிறது என்று. போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். போகாமல், சாவியைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

இன்றைக்குக் காலையில் இன்னொரு கூத்து. பெண் புறப்பட்டுத் தயாராக நிற்கிறாள். சம்மந்தியம்மா பின்கட்டில் இருந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். "பெட்ரோல் நாத்தம் அடிக்குது. உங்க காரு இன்னும் சரியாகலீங்களா?" எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடியும் அனுப்ப மாட்டேன் என்றுவிடுவாரோ என்று. நாளைக்கு ஒன்பதாம் மாசம் பிறக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் நிதானமாகக் கார்க் கதவைத் திறந்து, "நீங்களே உள்ள உக்காந்து, கண்ணாடிய ஏத்திப் பாருங்க சம்மந்தி" என்றார். அவர் உட்கார்ந்தார். முன்சீட்டில் மோந்தார், பின்சீட்டுக்குத் திரும்பி மோந்தார், டிக்கியைத் திறக்கச் சொல்லி அங்கேயும் மோந்தார். ஒன்றும் இல்லை. "காரு நல்லாத்தான் இருக்குது. அப்பறம் வீட்டுக்குள்ள எங்கிருந்து வருது?" என்றார்.

"எஸ்டேட்டுல மருந்து அடிக்கறாங்களோ என்னமோங்க" என்றேன் நான்.

சம்மந்தியம்மா உள்ளே போய்ப் பூ எடுத்துவந்தார். பெண்ணுக்குப் பூ வைத்து, திருநீறு பூசி, அவரே கையைப் பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்தார். கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு, ஒரு வாந்தி இல்லை, ஒரு சுணக்கம் இல்லை, ஜம்மென்று போகிறாள் என் மகள். நமக்கு முன்னால்தான் போகிறார்கள். அதோ, கீழே ரெண்டு வளைவு தள்ளி வெள்ளையாகத் தெரிகிறதா? அதுதான். அவர் மெதுவாகத்தான் ஓட்டுவார், அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அரை டேங்க், டீச்சர். புள்ளத்தாச்சிப் பெண். நடுக்காட்டில் நின்றுவிட்டால்? அந்த மனுஷனுக்கு அது தோன்றாது. தாய்க்குத் தோன்றாமல் இருக்குமா?

அவர் இப்படித்தான் செய்வார் என்று தெரிந்து, ஊரில் இருந்து கிளம்பும்போதே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பங்க்குப் பக்கம் போக மாட்டேன் என்று மகளுக்குச் சொன்ன வாக்கை மீறவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லி வாங்கி வைத்தேன். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன், நல்லெண்ணெய் வந்தது, கழுவிக் காய வைத்தது. நேற்று என்னோடுதான் மலை ஏறியது. ராத்திரி சம்மந்தியம்மா வீட்டுப் பின்கட்டில், விறகுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். இப்போது இந்தக் கட்டைப் பைக்குள், கீரைக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. அவர்கள் எந்த வளைவில் நின்றாலும் பின்னால் இந்தப் பஸ் வந்துதானே ஆக வேண்டும்? நான் இறங்கிக் கொடுத்துவிடுவேன்.

கண்டக்டர் கேட்டதற்குத் தேங்காய் எண்ணெய் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். காலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பை சாய்கிறது. தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் நீங்கள் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், டீச்சர். எனக்கு இது பழகிவிட்டது.